மனம் புண்பட்டது என்று சொன்னால் ஒரு படைப்பை நிறுத்திவிட முடியுமா?

கேட்டவர் ஒரு நாவலை எழுதி முடித்து வைத்திருக்கிறார். அவர் எழுதியிருந்ததன் சுருக்கம் இது: "ஒரு கதையோ சினிமாவோ எங்கள் சாதியை, எங்கள் சாமியைப் புண்படுத்துகிறது என்று ஆயிரம் பேர் தெருவில் இறங்கினால், அதைத் தடை செய்யச் சட்டத்தில் இடம் இருக்கிறதா? இல்லை என்றால், ஒவ்வொரு தடவையும் படைப்பாளிதானே பின்வாங்குகிறார், அது எப்படி? என் நாவலில் ஊர்ப் பெயரையும் சாதிப் பெயரையும் மாற்றிவிட்டால் தப்பித்துக்கொள்ளலாமா?" இதில் நடுவில் இருப்பதுதான் உண்மையான கேள்வி என்று எனக்குத் தோன்றுகிறது. சட்டம் என் பக்கம் இருந்தும் நான் ஏன் தோற்கிறேன் என்பதுதான் அவர் கேட்க வந்தது. மற்ற இரண்டும் அதற்கு முன்னும் பின்னும் வருகிறவை.

நான் வழக்கறிஞன். எழுத்து, நாடகம், சினிமா சம்பந்தப்பட்ட வழக்குகளைப் பல ஆண்டுகளாக நடத்தியும் கவனித்தும் வருகிறேன். ஒரு நாவல் நல்ல நாவலா என்று சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கேட்டவரின் கையெழுத்துப் பிரதியையும் நான் படிக்கவில்லை. ஆகவே இதைப் பொதுவான விளக்கமாக எடுத்துக்கொள்ளுங்கள், அந்த நாவலுக்கான சட்ட ஆலோசனையாக வேண்டாம்.

முதலில், சந்தேகமே இல்லாத விஷயம். இந்தியாவில் ஒருவர் மனம் புண்படுவது மட்டுமே யாரையும் குற்றவாளி ஆக்காது. எல்லோரும் வாயில் வைத்துக்கொண்டிருக்கிற 295ஏ, அதாவது மத உணர்வை அவமதிப்பதைத் தண்டிக்கும் பழைய இந்தியத் தண்டனைச் சட்டப் பிரிவு, 1927-இல் வந்தது. லாகூரில் நபிகளைப் பற்றி வெளியான ஒரு சிறு நூலின் பதிப்பாளரை அந்த ஆண்டு உயர் நீதிமன்றம் விடுவித்தது. இருக்கிற சட்டம் இதற்குப் பொருந்தாது என்று நீதிமன்றம் சொன்னதால், வெள்ளைக்கார அரசு புதிதாக ஒரு பிரிவைச் சேர்த்தது. அப்போதே மத்திய சட்டமன்றத்தில், நேர்மையாக மதத்தை ஆராய்கிறவரும் விமர்சிக்கிறவரும் இதில் மாட்டிக்கொள்ளக் கூடாது என்ற கவலை எழுந்தது. அதனால்தான் 'வேண்டுமென்றே, கெட்ட எண்ணத்தோடு' என்ற நிபந்தனை பிரிவுக்குள்ளேயே இருக்கிறது. 1957-இல் உச்ச நீதிமன்றம் ராம்ஜி லால் மோடி வழக்கில் இந்தப் பிரிவு செல்லும் என்று சொன்னது. ஆனால் எல்லா அவமதிப்பையும் இது தண்டிக்கவில்லை, கெட்ட எண்ணத்தோடு செய்யப்பட்ட கடுமையான அவமதிப்பை மட்டுமே தண்டிக்கிறது என்று விளக்கித்தான் அதைக் காப்பாற்றியது. 2024 ஜூலை 1 முதல் இதே பிரிவு பாரதிய நியாய சன்ஹிதாவில் 299 என்ற எண்ணில் இருக்கிறது. எண் மாறியிருக்கிறது, சாரம் மாறவில்லை.

இந்தப் பிரிவு மதத்துக்கு மட்டும்தான். சாதிப் பெருமை புண்பட்டது என்று 295ஏ-யில் புகார் கொடுக்க முடியாது. அதற்காக அவர்கள் பிடிப்பது 153ஏ, அதாவது இன்றைய 196. இரு பிரிவினருக்கிடையே பகையை வளர்ப்பது அதில் குற்றம். இங்கேயும் நீதிமன்றங்கள் தெளிவாகவே பேசியிருக்கின்றன. ஒரே ஒரு சமூகத்தைப் பற்றிப் பேசி அவர்களுக்குக் கோபம் வந்தது என்றால் போதாது, இன்னொரு சமூகத்தோடு மோதவிடும் தன்மை இருக்க வேண்டும் என்று 1997-இல் பிலால் அகமது காலூ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2007-இல் மன்சர் சயீத் கான் வழக்கில், நூலை முழுதாகப் படிக்க வேண்டும், அங்கொரு வரி இங்கொரு வரியாகப் பிய்த்தெடுத்துக் குற்றம் சாட்டக் கூடாது, பகையை மூட்டும் நோக்கம் இருந்ததா என்பதே முக்கியம் என்றது. கேட்டவர் இந்த இரண்டையும் குறித்து வைத்துக்கொள்வது நல்லது. காவல் நிலையத்தில் இவை அவ்வளவாக எடுபடாது. உயர் நீதிமன்றத்தில் எடுபடும்.

அடுத்த நிச்சயம்: புத்தகம் வெளியிட யாரிடமும் முன் அனுமதி வாங்க வேண்டியதில்லை. நாடகத்துக்கு வாங்க வேண்டியிருந்தது. எம்.ஆர். ராதாவின் நாடகங்களை அடக்குவதற்காக 1954-இல் சென்னை மாகாணத்தில் வந்த நாடகச் சட்டம் அது. எழுத்தாளரும் நாடகக்காரருமான ஞாநி தொடுத்த வழக்கில் 2013-இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகள் அரசியலமைப்புக்கு முரணானவை என்று தள்ளியது. கிட்டத்தட்ட அறுபது ஆண்டுகள் அந்தச் சட்டம் உயிரோடு இருந்தது என்பதை நினைத்தால் இன்றும் எனக்கு மனம் பொறுப்பதில்லை. சினிமா மட்டும் இன்னும் முன் தணிக்கைக்குள் இருக்கிறது. 1970-இல் கே.ஏ. அப்பாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் அதை ஏற்றுக்கொண்டது. படம் மற்றக் கலைகளைவிட ஆழமாக உணர்ச்சியைத் தூண்டும் என்பது அங்கே சொன்ன காரணம். அதற்கு ஈடாகப் படத்துக்கு ஒரு பாதுகாப்பும் கிடைத்தது: சான்றிதழ் வந்துவிட்டால் அதற்கு மேல் அரசு குறுக்கே நிற்கக் கூடாது. சான்றிதழ் பெற்ற படத்தை மறுபரிசீலனை செய்ய மத்திய அரசுக்கு இருந்த அதிகாரத்தைக் கர்நாடக உயர் நீதிமன்றம் ரத்து செய்ததை, சங்கரப்பா வழக்கில் 2000-இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. சட்டம் ஒழுங்கு கெட்டுப்போகும் என்று சாக்குச் சொல்ல முடியாது, அதைப் பார்த்துக்கொள்வது மாநில அரசின் வேலை என்று அந்தத் தீர்ப்பு சொல்கிறது.

இதற்கெல்லாம் வேர் நம் ஊர் வழக்கு ஒன்றுதான். 'ஒரே ஒரு கிராமத்திலே' என்ற தமிழ்ப் படம். இடஒதுக்கீடு சாதியை வைத்து இருக்கக் கூடாது, பொருளாதார நிலையை வைத்து இருக்க வேண்டும் என்று அது பேசியது. படத்துக்குக் கொடுத்த யு சான்றிதழை சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. தமிழ்நாட்டில் கலவரம் வரும் என்று மாநில அரசும் உச்ச நீதிமன்றத்தில் வாதாடியது. 1989 மார்ச் 30 அன்று உச்ச நீதிமன்றம் சான்றிதழைத் திருப்பிக் கொடுத்தது. ஊர்வலத்துக்கும் ஆர்ப்பாட்டத்துக்கும் வன்முறை மிரட்டலுக்கும் பயந்து கருத்தை அடக்கினால் அது சட்டத்தின் ஆட்சியைக் கைவிடுவதாகும், மிரட்டலுக்குச் சரணடைவதாகும் என்றது. வெடிமருந்துக் கிடங்கில் விழும் தீப்பொறி போல, கருத்துக்கும் கலவரத்துக்கும் நேரடியான, உடனடியான தொடர்பு இருந்தால்தான் கட்டுப்படுத்தலாம் என்பது அந்தத் தீர்ப்பு வைத்த அளவுகோல். எதைக் கேட்டாலும் கொதித்தெழுகிறவரை வைத்து அளக்கக் கூடாது, சாதாரண அறிவும் நிதானமும் உள்ள மனிதரை வைத்து அளக்க வேண்டும் என்றும் சொன்னது.

அந்தப் படத்தின் கருத்து எனக்குத் துளியும் உடன்பாடு இல்லாதது. சாதியால் ஒதுக்கப்பட்டவனிடம் போய் உன் வருமானம் என்ன என்று கேட்பது நியாயமில்லை என்றே நான் நம்புகிறேன். எதிர்த்தவர்களின் கோபத்தில் நியாயம் இருந்தது. அப்படியிருந்தும் தீர்ப்பு சரி. இன்று எழுத்தாளர் பெருமாள்முருகனுக்காக நாம் எடுத்துக் காட்டுகிற பாதுகாப்பு, நமக்குப் பிடிக்காத ஒரு படத்துக்காக வாங்கிக் கொடுக்கப்பட்டது. தன் பக்கத்துப் படைப்புக்கு மட்டும் சுதந்திரம் கேட்கிறவர்கள் எல்லாக் கட்சியிலும் இருக்கிறார்கள். அவர்கள் இந்த வழக்கை ஒரு தடவை முழுதாகப் படித்துப் பார்க்க வேண்டும்.

சரி, சட்டம் இவ்வளவு தெளிவாக இருந்தால் பிறகு எங்கே தோற்கிறோம்? பெரும்பாலும் நீதிமன்றத்துக்கு வரும் முன்பே தோற்றுவிடுகிறோம். பெருமாள்முருகன் விஷயத்தில் நடந்ததைக் கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பாருங்கள். 'மாதொருபாகன்' 2010-இல் வந்த நாவல். நான்கு ஆண்டுகள் யாருக்கும் எந்தக் கோபமும் வரவில்லை. 2014 டிசம்பரில், குழந்தையில்லாத பெண் கோயில் திருவிழா இரவில் அந்நிய ஆணைச் சேரும் வழக்கத்தைச் சொல்லும் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டுத் திருச்செங்கோட்டில் கைக்குக் கை போயின. நாவல் கொளுத்தப்பட்டது. அடுத்த பதிப்பில் ஊரை அடையாளம் காட்டும் இடங்களை எடுத்துவிடுகிறேன் என்று அவர் சொன்ன பிறகும் ஊரில் கடையடைப்பு நடந்தது. 2015 ஜனவரி 12 அன்று நாமக்கல் ஆட்சியர் அலுவலகத்தில் வருவாய் அலுவலர் முன்னிலையில் 'அமைதிப் பேச்சுவார்த்தை'. ஒரு பக்கம் சாதி, மத அமைப்புகளின் பிரதிநிதிகள். இன்னொரு பக்கம் ஒரு கல்லூரி ஆசிரியர். வருத்தம் தெரிவித்து அவர் எழுதிக் கொடுத்தது போதவில்லை. நிபந்தனையற்ற மன்னிப்பு என்று எழுதி வாங்கினார்கள். அதன் பிறகுதான் அவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று அறிவித்தார்.

அந்த அறையில் எந்தச் சட்டப் பிரிவும் பயன்படுத்தப்படவில்லை. நூலுக்குத் தடை உத்தரவு கிடையாது, எழுத்தாளர் கைது செய்யப்படவில்லை, குற்றப்பத்திரிகையும் இல்லை. ஒரு நூலைப் பறிமுதல் செய்ய வேண்டும் என்றால் மாநில அரசு காரணங்களைக் குறிப்பிட்டு அறிவிப்பு வெளியிட வேண்டும், அந்த அறிவிப்பை உயர் நீதிமன்றத்தில் எதிர்க்கலாம். அதையெல்லாம் செய்யாமலேயே அறிவிப்பால் நடக்கக் கூடியதைவிட அதிகமாக அங்கே நடந்துவிட்டது. பேச்சுவார்த்தைக்கு எதிராக மேல்முறையீடு செய்ய வழியில்லை. காரணத்தை எங்கும் எழுதவில்லை. ஆகவே தப்பு என்று காட்ட எதுவும் கையில் சிக்காது. நம் நாட்டில் படைப்பை நிறுத்துகிற உண்மையான தணிக்கை அதிகாரி இந்தக் கூட்டம்தான் என்பது என் முடிவு. தணிக்கை வாரியத்தைத் திட்டுவது சுலபம். அதற்கு முகவரி இருக்கிறது, அதன் முடிவு காகிதத்தில் இருக்கிறது. ஆட்சியர் அலுவலகத்திலும் காவல் துணைக் கண்காணிப்பாளர் அறையிலும் நாற்காலி போட்டு நடக்கிற சமரசத்துக்கு முகவரியும் இல்லை, காகிதமும் இல்லை.

2016 ஜூலை 5 அன்று சென்னை உயர் நீதிமன்றத்தில் தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுலும் நீதிபதி புஷ்பா சத்தியநாராயணாவும் கொடுத்த தீர்ப்பு அந்தக் கூட்டத்தில் எழுதி வாங்கிய எதுவும் எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்றது. பிடிக்கவில்லை என்றால் புத்தகத்தை மூடி வைக்கலாம், படிக்கச் சொல்லி யாரும் கட்டாயப்படுத்தவில்லை என்றது. எழுத்தாளர் உயிர்த்தெழட்டும், தனக்கு நன்றாக வருவதை, எழுத்தைச் செய்யட்டும் என்று முடித்தது. இதே கவுல் டெல்லியில் இருந்தபோது 2008-இல் ஓவியர் எம்.எஃப். உசேன் மீதான வழக்குகளையும் தள்ளுபடி செய்தார். ஆனால் உசேன் 2006-லேயே நாட்டைவிட்டுப் போய்விட்டார். 2010-இல் கத்தார் குடியுரிமை பெற்றார், 2011-இல் லண்டனில் இறந்தார். ஒருவருக்குத் தீர்ப்பு பேனாவைத் திருப்பிக் கொடுத்தது. இன்னொருவருக்கு ஊரைத் திருப்பிக் கொடுக்க முடியவில்லை. வழக்கில் வெல்வது வேறு, வாழ்க்கை பழையபடி திரும்புவது வேறு.

சினிமாவில் இந்தக் கணக்கு இன்னும் கொடுமையானது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு நாளும் வட்டி. 2013 ஜனவரியில் 'விஸ்வரூபம்' தணிக்கைச் சான்றிதழோடு வெளியாகக் காத்திருந்தபோது, முஸ்லிம்களைப் புண்படுத்துகிறது என்று எதிர்ப்பு வந்ததும், தமிழ்நாடு முழுக்க மாவட்ட ஆட்சியர்கள் 144 பிரிவில் இரண்டு வாரத் தடை போட்டார்கள். உயர் நீதிமன்றத் தனி நீதிபதி தடையை நீக்கினார். மறுநாளே இரு நீதிபதிகள் அமர்வு அந்த உத்தரவை நிறுத்தி வைத்தது. கடைசியில் உள்துறைச் செயலர் நடத்திய பேச்சுவார்த்தையில் சில இடங்களில் ஒலியை நிறுத்த ஒப்புக்கொண்ட பிறகு பிப்ரவரி 7 அன்று படம் வந்தது. 1989 தீர்ப்பு அப்போது சட்டப் புத்தகத்தில் பத்திரமாகத்தான் இருந்தது. அதைக் காட்டி உச்ச நீதிமன்றம்வரை போய் ஜெயித்திருக்கலாம் என்று சொல்வார்கள். கடன் வாங்கி எடுத்த படத்தின் தயாரிப்பாளர் அதுவரை தாங்க வேண்டுமே. தாமதம் ஒன்றே போதும், தடை உத்தரவு நிலைக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. தடை போடுகிற அதிகாரிக்கும் இது நன்றாகத் தெரியும்.

இதில் ஒரே ஒரு மாற்றம் நம்பிக்கை தருகிறது. 2019 பிப்ரவரியில் 'பொபிஷ்யோதெர் பூத்' என்ற வங்காளப் படம் வெளியான மறுநாளே கொல்கத்தா திரையரங்குகளிலிருந்து காணாமல் போனது. அதற்கு முன் காவல்துறை தயாரிப்பாளருக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தது: படத்தின் உள்ளடக்கம் மக்கள் உணர்வைப் புண்படுத்தலாம் என்று தகவல், வெளியீட்டுக்கு முன் அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டவும் என்று. உச்ச நீதிமன்றம் அந்த ஏப்ரலிலேயே மாநில அரசு தயாரிப்பாளருக்கு 20 லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்க வேண்டும் என்று உத்தரவிட்டது. கருத்துச் சுதந்திரத்தைப் பற்றி எத்தனை அழகான பத்திகள் எழுதினாலும், தடுத்த அரசு பணம் கட்ட வேண்டும் என்ற ஒரு வரிக்கு உள்ள பலம் தனி. இப்படி இன்னும் சில உத்தரவுகள் வந்திருந்தால் பல ஆட்சியர்கள் கையெழுத்துப் போடும் முன் யோசித்திருப்பார்கள்.

அரசு ஏன் எப்போதும் கூட்டத்தின் பக்கம் சாய்கிறது? அரசுக்குச் சொந்தமாக மனம் புண்பட்டிருக்க வேண்டியதில்லை. ஆயிரம் பேரைக் கட்டுப்படுத்துவதைவிட ஒருவரைக் கட்டுப்படுத்துவது சுலபம், செலவும் குறைவு. அந்த ஆயிரம் பேரின் பின்னால் ஓட்டு இருக்கிறது, எழுத்தாளரின் பின்னால் இல்லை. கூட்டத்தைத் திரட்டுகிறவருக்கும் லாபம் உண்டு. அதுவரை யாரென்றே தெரியாத ஒரு அமைப்பு, ஒரு புத்தகத்தை எரித்த மறுநாள் ஆட்சியரோடு மேசையில் உட்கார்ந்து பேசுகிற அமைப்பாகிவிடுகிறது. எரிக்கிற நாவலை அதன் தலைவர் படித்திருக்க வேண்டும் என்றுகூட இல்லை. புண்பட்டதாகச் சொல்கிற எல்லோரும் நடிக்கிறார்கள் என்று நான் சொல்லவில்லை. பிய்த்தெடுத்த இரண்டு பக்கத்தைப் படித்துவிட்டு, தன் அம்மாவையும் பாட்டியையும் கேவலப்படுத்திவிட்டார்கள் என்று உண்மையாகவே கலங்கிப்போனவர்கள் திருச்செங்கோட்டில் இருந்திருப்பார்கள். அவர்களுடைய வருத்தம் உண்மையானது. அந்த வருத்தத்தைத் தேர்ந்தெடுத்து, நகலெடுத்து, தேதி குறித்துத் தெருவுக்குக் கொண்டுவந்தவர்கள் வேறு ஆட்கள். இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பினால், வருந்துகிறவரோடு பேசவே முடியாமல் போய்விடும்.

புண்படுத்துவது எல்லாமே உரிமை என்றும் நான் சொல்ல மாட்டேன். நூற்றாண்டுகளாக மிதிக்கப்பட்ட சமூகத்தை மேடையிலோ திரையிலோ இழிவுபடுத்துவதும், அதிகாரத்தில் இருக்கிற சாதியின் பெருமையைக் கேள்வி கேட்பதும் ஒரே தட்டில் வைக்க வேண்டியவை அல்ல. சட்டமும் அப்படி வைக்கவில்லை. பட்டியல் சாதி, பழங்குடியினர் மீது பகையையும் வெறுப்பையும் வளர்ப்பது வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் தனிக் குற்றம். ஆனால் நடைமுறையில் தெருவை நிறைக்கிற பலம் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள். கரூர்ப் பக்கத்தில் புலியூர் முருகேசன் 2015 பிப்ரவரியில் தன் கதைக்காக அடிக்கப்பட்டார். புதுக்கோட்டை மாவட்டத்தில் துரை குணா என்ற தலித் எழுத்தாளர் சொந்த ஊரில் இருக்க முடியாத நிலைக்குத் தள்ளப்பட்டார். மனம் புண்பட்டது என்று சொல்லி ஒரு படைப்பை நிறுத்தும் சக்தி, ஏற்கெனவே சக்தி உள்ளவர்களிடம்தான் பெரும்பாலும் இருக்கிறது. எளியவர்களைக் காக்க இந்த ஆயுதம் வேண்டும் என்று வாதாடுகிற நண்பர்களிடம் நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதைத்தான்.

அரசே இல்லாமல் நடப்பவையும் இப்போது அதிகம். 'அன்னபூரணி' 2023 டிசம்பரில் சான்றிதழோடு திரையரங்குகளில் ஓடியது. நெட்ஃபிளிக்ஸில் வந்த பிறகு இந்துக்களின் உணர்வைப் புண்படுத்துகிறது என்று புகார்கள் எழுந்தன, 2024 ஜனவரியில் படம் அங்கிருந்து எடுக்கப்பட்டது, தயாரிப்பில் பங்கு வகித்த நிறுவனம் மன்னிப்புக் கேட்டது. எந்த நீதிமன்றமும் அதைத் தவறு என்று சொல்லவில்லை. நிறுவனம் தானாகவே எடுத்தால் அடிப்படை உரிமை மீறல் என்று ரிட் மனு போடுவதும் கடினம், ஏனென்றால் அந்த உரிமையை முதன்மையாக அரசுக்கு எதிராகத்தான் கோர முடியும். 2025 ஜூனில் 'தக் லைஃப்' கர்நாடகத்தில் சிக்கிக்கொண்டது. அதற்குக் காரணம் படம்கூட இல்லை, கன்னட மொழி பற்றிக் கமல்ஹாசன் ஒரு விழாவில் சொன்ன கருத்து. ஒரு மன்னிப்புக் கேட்டுவிட்டால் என்ன என்ற தொனியில் உயர் நீதிமன்றமே கேட்டது. உச்ச நீதிமன்றம், தெருவைக் கும்பல்களிடம் ஒப்படைக்க முடியாது, சான்றிதழ் பெற்ற படம் ஓட வேண்டும் என்றது. படம் மற்ற இடங்களில் வெளியாகி இரண்டு வாரம் ஆகிவிட்டிருந்தது.

இனி, நிச்சயமில்லாதவை. நீதிமன்றம் எப்போதும் படைப்பாளியின் பக்கம்தான் நிற்கும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். லிங்காயத்துகள் போற்றும் பசவண்ணரின் குடும்பத்தைப் பற்றி எழுதப்பட்ட ஒரு கன்னட நாவலைக் கர்நாடக அரசு பறிமுதல் செய்தது சரி என்று 2007-இல் உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. காந்தியைப் பாத்திரமாக்கிய ஒரு மராத்திக் கவிதை பற்றிய வழக்கில், வரலாற்றில் மதிக்கப்படுகிற மனிதரின் பெயரைப் பயன்படுத்தினால் ஆபாசத்துக்கான அளவுகோலை இன்னும் கடுமையாகப் பொருத்தலாம் என்று 2015-இல் சொன்னது. இந்த இரண்டும் இன்னும் மாற்றப்படவில்லை. என் பார்வையில் இரண்டுமே தவறு, ஆனால் என் பார்வையை வைத்து யாரும் தீர்ப்பு எழுதப் போவதில்லை. ஆகவே கோயில், வழிபாட்டுக்குரியவர், தேசத் தலைவர் வருகிற படைப்புகளில் சட்டத்தின் தரை அவ்வளவு கெட்டியாக இல்லை என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். இன்னொரு நிச்சயமின்மை, முதல் தகவல் அறிக்கை பற்றியது. கெட்ட எண்ணம் இருந்ததா என்பது விசாரணையில்தான் தெரியும் என்று சொல்லிக் காவல்துறை வழக்கைப் பதிந்துவிடலாம். திருமணத்துக்கு முந்தைய உறவு பற்றிப் பேட்டியில் சொன்ன கருத்துக்காக நடிகை குஷ்பு மீது போடப்பட்ட 23 வழக்குகளும் 2010-இல் ரத்தாயின, ஆனால் அதற்கு ஐந்து ஆண்டுகள் ஆயின. இதில் சமீபத்தில் ஒரு நல்ல திருப்பம் வந்திருக்கிறது. ஒரு கவிதைக்காகக் காங்கிரஸ் எம்.பி. இம்ரான் பிரதாப்கடி மீது குஜராத்தில் போட்ட வழக்கை ரத்து செய்தபோது, 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் இப்படிச் சொன்னது: மூன்று முதல் ஏழு ஆண்டுக்குள் தண்டனை உள்ள பேச்சு, எழுத்து சம்பந்தப்பட்ட குற்றங்களில், வழக்குப் பதியும் முன் முதற்கட்ட விசாரணை நடத்துவதே பொருத்தம். காவல் நிலையங்கள் இதை எந்த அளவுக்குப் பின்பற்றும் என்பதைப் போகப் போகத்தான் பார்க்க வேண்டும்.

கடைசியாக, ஊர்ப் பெயரை மாற்றுவது. சட்டப்படி அதில் கொஞ்சம் பலன் உண்டு. குறிப்பிட்ட ஊரையோ சமூகத்தையோ அவமதிக்கும் நோக்கம் இல்லை என்று காட்ட உதவும். முன்பக்கத்தில் போடுகிற 'கற்பனையே' என்ற வரிக்கு அதைவிடக் குறைவான பலன். தெருவில் இரண்டுக்கும் மதிப்பு இல்லை. பெயரை எடுத்துவிடுகிறேன் என்று சொன்ன பிறகும் என்ன நடந்தது என்பதை மேலே சொல்லிவிட்டேன். நாவலுக்கு அந்த ஊர் வேண்டும் என்றால் பெயரை வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக வேறு சிலவற்றைச் செய்யலாம். கள ஆய்வுக் குறிப்புகள், படித்த நூல்கள், வாய்மொழித் தகவல் எங்கே எப்போது கிடைத்தது என்பதெல்லாம் தேதியோடு ஒரு கோப்பில் இருக்கட்டும். நோக்கம் பற்றிய கேள்வி வரும்போது இதுதான் பேசும். பதிப்பாளரோடு போடும் ஒப்பந்தத்தில், வழக்கு வந்தால் செலவு யாருடையது, அவர் தன்னிச்சையாக விற்பனையை நிறுத்தலாமா என்பதை முன்கூட்டியே எழுதி வாங்குங்கள். எழுத்தாளர் அமைப்பு ஏதாவது ஒன்றோடு தொடர்பில் இருங்கள். பெருமாள்முருகனுக்காக உயர் நீதிமன்றத்துக்குப் போனது தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம். மனமுடைந்து இருந்தவர் தானாகப் போயிருப்பாரா என்பது சந்தேகம்தான்.

'சும்மா பேசித் தீர்த்துக்கலாம், ஒரு எட்டு வந்துட்டுப் போங்க' என்று போன் வந்தால் தனியாகப் போகாதீர்கள். எழுத்து மூலம் அழைப்பு கேளுங்கள், எந்தப் பிரிவில் அழைக்கிறார்கள் என்று கேளுங்கள். பெண்களையும் அறுபது வயதைத் தாண்டியவர்களையும் சாட்சி விசாரணைக்கென்று காவல் நிலையத்துக்கு வரச் சொல்ல முடியாது, காவல்துறையினர்தான் வீட்டுக்கு வர வேண்டும். போவதாக இருந்தால் வழக்கறிஞரோடு போங்கள். நீட்டுகிற தாளில் அங்கேயே கையெழுத்துப் போடாமல், ஒரு பிரதி வாங்கிக்கொண்டு, படித்துவிட்டுப் பதில் தருகிறேன் என்று சொல்லிவிட்டு வாருங்கள். பாதுகாப்பு வேண்டும் என்று அன்றைக்கே காவல் கண்காணிப்பாளருக்குப் பதிவுத் தபாலிலும் மின்னஞ்சலிலும் ஒரு மனு அனுப்பிவிடுங்கள். பாதுகாப்பு கிடைக்காமல் போனாலும், பின்னால் உயர் நீதிமன்றத்தில் நீதிபதி முதலில் கேட்பது அந்த மனுவின் தேதியைத்தான்.